சொல்லும் பொருளும் கண்ட சார்லஸ் கட்டர்

நாடாண்டோரும் போர் வென்றோரும் காவியம் புனைந்தோரும் புகழுடம்பு எய்துதல் உலக இயல்பு. பிறர் எழுதிய நூல்களைப் பிறர் எளிதிற் கண்டெடுக்குமாறு ஒழுங்குபடுத்தி வைத்த ஒன்றினாலேயே புகழெய்தியோர் மிகச் சிலர். அச்சிலருள் முன்வைத்து எண்ணத் தக்கவர் அமெரிக்க நாட்டினரான சார்லஸ் அம்மி கட்டர் என்பார். பெரிய நூல்நிலையங்கள் பலவற்றில் நூலின் முதுகில் ஒட்டிய சீட்டிலே ஓர் எழுத்தும் அதனையடுத்துச் சில எண்களும் காணப்படும். ஆசிரியர் பெயரைச் சுருக்கிக் காட்டும் அக்குறியை உலகெங்கும் கட்டர் எண் என்றே வழங்குவர். அப்பெயரை நாள்தோறும் எழுதுவோரும் அவருடைய வரலாற்றை அறிந்திருத்தல் அரிது. அவருடைய பெரும்பணியோ அவ்வெண்ணைக் கண்டதனோடு முடிந்ததன்று.

நூல் தேடி வருபவன் மனத்திலே ஒரு பொருளை எண்ணி, வாயினால் ஒரு சொல்லைக் கூறுகிறான். நூற்பட்டியல் அச்சொல்லை மட்டும் நோக்குதல் வேண்டுமா, அன்றி அவன் எண்ணிய பொருளை நோக்குதல் வேண்டுமா? இவ்வினாவே கட்டருடைய வாழ்நாளை ஆட்கொண்டது. சீட்டுப் பெட்டிகள் மறைந்து கணினி வந்த இக்காலத்தும் அவ்வினா தீர்ந்தபாடில்லை. ஆதலின் அவர் வரலாறு மாணாக்கராகிய நமக்குப் பெரிதும் பயன்படுவதாம்.

இளமையும் கல்வியும்

கட்டர் 1837ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 14ஆம் நாள் மாசச்சூசெட்ஸ் மாகாணத்துப் பாஸ்டன் நகரிலே பிறந்தார். குழவிப் பருவத்திலேயே அன்னையை இழந்தமையால், பாட்டனார் இல்லத்திலே அத்தைமார் அரவணைப்பில் வளர்ந்தார். மெலிந்த உடலும் குறுகிய பார்வையும் உடையவராதலின், இளமையிலேயே நூல்களை உற்ற துணையாகக் கொண்டார்.

ஹார்வர்டு கல்லூரியிற் பயின்று 1855ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர்ச் சமயகுருவாகும் நோக்கத்துடன் அங்குள்ள சமயக் கல்லூரியிற் சேர்ந்து 1859ஆம் ஆண்டு அப்படிப்பையும் முடித்தார். ஆனால் அவரை ஆட்கொண்டது பிரசங்க மேடையன்று. சமயக் கல்லூரியில் மாணாக்கராயிருக்கும்போதே அதன் நூல்நிலையப் பொறுப்பு அவர் கைக்கு வந்தது. தோழர் ஒருவருடன் கூடி அங்குள்ள நூல்களை மீண்டும் அடுக்கிப் புதிய பட்டியல் ஒன்றும் வகுத்தார். அவ்வேலையிற் கண்ட இன்பம் அவர் வாழ்க்கையின் போக்கையே மாற்றிவிட்டது. 1860ஆம் ஆண்டு ஹார்வர்டு கல்லூரி நூல்நிலையத்திலே எஸ்ரா அபட் என்னும் அறிஞருக்கு உதவியாளராக அமர்ந்தார். 1863ஆம் ஆண்டு திருமணஞ் செய்துகொண்டு மூன்று ஆண்மக்களுக்குத் தந்தையானார்.

ஹார்வர்டிற் கண்டது

அபட் அக்காலத்தில் ஒரு புதுமையைத் தொடங்கினார். நூல்களின் பெயரைப் பெரிய ஏடுகளில் எழுதிவைக்கும் வழக்கத்தை விடுத்து, ஒவ்வொரு நூலுக்கும் ஒவ்வொரு சீட்டாக எழுதி, வருவோர் தாமே புரட்டிப் பார்க்குமாறு பெட்டிகளில் அடுக்கினார். கட்டரும் அப்பணியில் உடனின்று உழைத்தார். புதிய நூல் வரும்போது புதிய சீட்டை உரிய இடத்திற் செருகினாற் போதும். பட்டியல் ஒருநாளும் பழமை எய்தாது.

ஆயினும் பொருள்பற்றிய பட்டியலில் ஓர் இடர் இருந்தது. அங்கே பெரும்பிரிவுகளே அகர வரிசையில் நின்றன. உட்பிரிவுகள் அவற்றினுள் அடங்கின. பூனையைப் பற்றி அறிய விரும்புவோன் பூனை என்னும் சொல்லைத் தேடிப் பயனில்லை. அது விலங்கு நூலின் பாற்படும் என்பதனையும், விலங்கு நூலில் எந்தப் பிரிவில் அடங்கும் என்பதனையும் அவன் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். அஃதாவது கற்றோனுக்கே அப்பட்டியல் வழிகாட்டிற்று; கற்க வந்தோனை வாயிலிலே நிறுத்திற்று.

இதற்கு மாறான முறையொன்றும் அக்காலத்து உண்டு. அது நூலின் தலைப்பிலுள்ள சொல்லையே பிடித்து அகர வரிசையில் இடும் முறையாம். இத்தாலியரான ஆந்திரேயா கிரெஸ்தடோரோ என்பார் 1856ஆம் ஆண்டு இம்முறையை விளக்கி நூலெழுதி, பின்னர் இங்கிலாந்து தேயத்து மாஞ்செஸ்டர் நகர நூல்நிலையத்திலே அதனை நடைமுறைக்கும் கொணர்ந்தார். அமெரிக்காவில் வில்லியம் பூல் என்பார் கல்லூரி மாணாக்கராயிருந்தபோதே, 1848ஆம் ஆண்டில், பத்திரிகைக் கட்டுரைகளுக்கு ஓர் அடைவு அச்சிட்டார். அதுவும் பெரும்பாலும் தலைப்புச் சொல்லையே பற்றிச் சென்றது. எழுதுவோருக்கு இம்முறை எளிது. நூலைத் திறந்து பார்க்கவும் வேண்டுவதில்லை. தலைப்பிலே உள்ள சொல்லைப் பெயர்த்தெழுதினாற் போதும்.

பாஸ்டன் அதீனியம்

அப்பூல் என்பாரே பாஸ்டன் அதீனியம் என்னும் புகழ்பெற்ற நூல்நிலையத்தின் தலைவராயிருந்தவர். அவருக்குப் பின் 1868ஆம் ஆண்டின் இறுதியில் அப்பதவி கட்டரை வந்தடைந்தது. அப்போது அவருக்கு வயது 31. அங்கே 25 ஆண்டுகள் அவர் பணியாற்றினார்.

முன்னோர் தொடங்கி முடியாது விட்ட பட்டியல் வேலை அவருக்காகக் காத்திருந்தது. செய்யப்பட்டிருந்த பகுதியிற் பிழைகள் மலிந்திருந்தமையால், பலவற்றை மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று. நூலாசிரியர் பெயர், நூற்பெயர், பொருள் ஆகிய மூன்றையும் அகராதியிற் போல ஒரே வரிசையில் நிறுத்திய அப்பட்டியல் 1874 முதல் 1882 வரை ஐந்து தொகுதிகளாக, ஏறக்குறைய 3400 பக்கங்களில் வெளிவந்தது. 1871ஆம் ஆண்டு வரை வந்த நூல்களே அதில் இடம்பெற்றன. கடைசித் தொகுதி அச்சாகி வெளிவருமுன் பதினோராண்டு நூல்கள் வெளியே நின்றுவிட்டன. அச்சிட்ட பட்டியலின் குறையை அவரினும் நன்கு உணர்ந்தார் யார்?

இவ்வுழைப்பிடையே எழுந்த ஐயங்களையும் அவற்றிற்குத் தாம் கண்ட விடைகளையும் தொகுத்து, அகராதி முறைப் பட்டியலுக்குரிய விதிகள் என்னும் நூலை 1876ஆம் ஆண்டு அமெரிக்க அரசாங்கக் கல்விப் பகுதியின் வாயிலாக வெளியிட்டார். முதற் பதிப்பில் 205 விதிகள் இருந்தன; அவர் மறைந்தபின் 1904ஆம் ஆண்டில் வெளிவந்த நான்காம் பதிப்பில் அவை 369 ஆகப் பெருகின. அவ்வாண்டிலேயே, 1876 அக்டோபரில், பிலடெல்பியா நகரிற் கூடி அமெரிக்க நூல்நிலையச் சங்கத்தைத் தோற்றுவித்தோருள்ளும் அவர் ஒருவர். பின்னர் அச்சங்கத்தின் தலைவராகவும், 1881 முதல் 1893 வரை நூல்நிலையத் துறைக்குரிய பத்திரிகையின் ஆசிரியராகவும் விளங்கினார்.

விதிகளின் உட்கருத்து

பட்டியல் எதற்காக என்னும் வினாவுக்குக் கட்டர் மூவகை நோக்கங்களை வகுத்தார். ஆசிரியரையோ தலைப்பையோ பொருளையோ அறிந்து வருபவன் அந்நூலைக் கண்டெடுக்கச் செய்தல் ஒன்று. ஓர் ஆசிரியர் எழுதியனவும், ஒரு பொருள்பற்றி எழுந்தனவும், ஒரு வகை இலக்கியத்தில் உள்ளனவும் நூல்நிலையத்தில் எவையெவை எனக் காட்டுதல் இரண்டாவது. பதிப்பும் தன்மையும் காட்டி, தக்கதைத் தேர்ந்தெடுக்க உதவுதல் மூன்றாவது. முதலாவது குறித்த ஒரு நூலைத் தேடுவோனுக்கு உரியது. இரண்டாவது உள்ளவை யாவை என்று அறியாது வருவோனுக்கு உரியது. இவ்விருவரும் ஒரே பெட்டியின் முன் நிற்பவராயினும் இவர்தம் தேவை வேறு வேறாம். இவ்வேற்றுமையைத் தெளிவுறக் காட்டியதே கட்டரின் தனிச்சிறப்பு.

தலைப்புச் சொல்லை அவர் புறக்கணித்தாரல்லர். கதை, நாடகம் போன்றவற்றையும், நினைவில் நிற்கும் தலைப்புடையனவற்றையும் தலைப்பின்கீழும் எழுதுமாறு விதித்தார். ஆனால் பொருள் தேடுவோனுக்குத் தலைப்பு நம்பத்தக்க வழிகாட்டியன்று என்பதை வற்புறுத்தினார். நூலின் பொருள் எதுவோ, அதன் பெயரின்கீழேயே நூலை வைத்தல் வேண்டும். அதனை உள்ளடக்கிய பெரும்பிரிவின்கீழ் வைத்தலாகாது. கஸ்ட் சீமாட்டியார் பூனையைப் பற்றி எழுதிய நூலைப் பூனையின்கீழ் இடுக, விலங்கு நூலின்கீழ் இடற்க என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. கார்னியே என்பார் இரும்பைப் பற்றிப் பிரெஞ்சு மொழியில் எழுதிய நூலை இரும்பின்கீழ் இடுக, உலோகங்களின்கீழ் இடற்க என்பது மற்றொன்று. இவ்விரண்டாவது எடுத்துக்காட்டு ஊன்றி நோக்கத் தக்கது. அந்நூலின் தலைப்பு பிரெஞ்சு; தேடுவோன் மொழி ஆங்கிலம். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடின் இரண்டும் ஒருநாளும் சந்தியா. பொருளை அறிந்த ஒருவர் இடைநின்று இணைத்தாலன்றி, நூல் அலமாரியிலேயே உறங்கும்.

ஒரு பொருளைக் குறிக்கும் பல சொற்களும், பல பொருளைக் குறிக்கும் ஒரு சொல்லும் எல்லா மொழியிலும் உள. நம் நிகண்டு நூலாரும் இவ்விரண்டையும் வேறு வேறு தொகுதிகளாகப் பிரித்தே அமைத்தனர். யானையை வேழமென்றும் களிறென்றும் கூறலாம். திங்கள் என்னும் ஒரு சொல் நிலவையும் மாதத்தையும் கிழமையையும் குறிக்கும். இத்தகைய இடங்களில் எச்சொல்லைத் தலைப்பாகக் கொள்வது? கட்டர் வரிசைப்படுத்திக் கூறினார்: அந்நூல்நிலையத்துக்கு வருவோர் பெரிதும் அறிந்த சொல்லை முதலிற் கொள்க, பிற பட்டியல்களில் மிகுதியாக வழங்குவதை அடுத்துக் கொள்க, வேறு பொருள் குறைவாயுள்ள சொல்லை அதன்பின் கொள்க. கைவிடப்பட்ட சொல்லையும் அழித்துவிடலாகாது. அதன் இடத்திலே, இன்ன சொல்லைக் காண்க என்று எழுதி வழிகாட்டல் வேண்டும். பெரும்பொருளிலிருந்து சிறுபொருளுக்கும் ஒரு பொருளிலிருந்து அதன் இனப்பொருளுக்கும் அவ்வாறே வழி அமைத்தல் வேண்டும். வேழம் என்று கேட்டு வந்தவனும் யானையைக் கண்டே மீள்வான்.

இவ்விதிகளெல்லாம் எழுதுவோருக்குப் பெருந்தொல்லையே. கட்டர் அதனை அறிந்தே செய்தார். பட்டியல் எழுதுவோரின் எளிமையைவிட, அதனைப் பயன்படுத்துவோரின் வசதியே எப்போதும் முன்னிற்றல் வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதே வேளையில், எளிய நூல்நிலையங்கள் பெருஞ்செலவு தாங்கமாட்டா என்பதனை மறவாது, பட்டியலைச் சுருங்கியது, இடைப்பட்டது, விரிந்தது என மூவகையாக்கி, அவரவர் தரத்துக்கேற்ப விதிகளையும் பிரித்துத் தந்தார்.

ஒரு நூற்றாண்டு முன்னோக்கிய கனவு

1883ஆம் ஆண்டு பபலோ நகரிற் கூடிய சங்கக் கூட்டத்திலே கட்டர் ஒரு வியத்தகு கட்டுரை படித்தார். நூறாண்டு கழித்து, 1983ஆம் ஆண்டில், அந்நகர நூல்நிலையம் எவ்வாறிருக்கும் எனக் கற்பனை செய்தது அது. காற்றும் வெப்பமும் ஒழுங்குபடுத்தப்பட்ட மண்டபங்கள். ஒவ்வொரு மேசையிலும் எழுத்தும் எண்ணும் பொறித்த சிறு விசைப்பலகை. கம்பிவழியே செய்தி செல்ல, வேண்டிய நூல் விரைந்து வந்து சேருதல் முதலியவற்றை அவர் தீட்டினார். விசைப்பலகையைக்கூட முன்னறிந்த அப்பெருமகனார், அவ்விசையை அழுத்துமுன் படிப்போன் நூலின் குறியைப் பட்டியலிற் பார்த்தே அறிவதாக எழுதினார். நூலைக் கொணரும் வேலையை இயந்திரத்துக்குக் கொடுத்தார். இந்நூல் இன்ன பொருளது எனத் துணியும் வேலையை மனிதரிடமே விட்டார்.

இறுதி ஆண்டுகள்

நிருவாகிகளுடன் ஏற்பட்ட கருத்து வேற்றுமையால் கட்டர் 1893ஆம் ஆண்டு அதீனியத்தை விட்டு நீங்கினார். 56 வயதில் வேறொருவராயின் ஓய்வை நாடியிருப்பர். அவரோ மறு ஆண்டே நார்த்தாம்ப்டன் என்னும் சிற்றூரில் புதிதாக எழுந்த போர்ப்ஸ் நூல்நிலையத்தை அடியிலிருந்து அமைக்கும் பொறுப்பை ஏற்றார். அங்கே நூல்களோடு சித்திரங்களையும் இசைச் சுவடிகளையும் திரட்டி, ஊரார் இல்லங்களுக்கும் கொடுத்துதவினார்.

நூல்களை அலமாரியில் அடுக்குதற்கும் ஒரு பகுப்புமுறை வகுத்தார். சிறு நூல்நிலையம் வளர வளரப் பகுப்பும் விரிந்துகொண்டே செல்லுமாறு அதனை ஏழு படிகளாக அமைத்தார். முதல் ஆறு படிகள் 1893ஆம் ஆண்டுக்குள் முற்றுப்பெற்றன. ஏழாவது படி முற்றுப்பெறுமுன், 1903ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்து வால்போல் என்னுமிடத்திலே அவர் உயிர் நீத்தார்.

முடியாத அவ்வேலை வீணாகவில்லை. வாஷிங்டன் நகரத்து அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையத்தார் தம் நூற்பகுப்பை வகுத்தபோது அதனையே பெரிதும் தழுவினர். பொருள்தலைப்புகளுக்கும் அவர் வகுத்த நெறியையே பின்பற்றி 1898 முதல் அமைத்து வந்தனர். தமிழகத்திலும், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் பயின்று நூல்நிலையக் கலையின் முதல்வராக விளங்கிய சீர்காழி இரா. அரங்கநாதனார், கட்டர் விதி வகுத்த அதே அகராதி முறைப் பட்டியலுக்குத் தாமும் ஒரு விதிநூல் 1945ஆம் ஆண்டு இயற்றினார்.

கணினிக் காலத்திலே

சீட்டுப் பெட்டி போய்க் கணினி வந்தபின், கிரெஸ்தடோரோவின் முறை புத்துயிர் பெற்றது. தலைப்பிலுள்ள ஒவ்வொரு சொல்லையும் இயந்திரம் நொடிப்பொழுதில் ஒப்பிட்டுக் காட்டும். ஆயிரம் நூல்கள் அகப்பட்டால், எது முன்னிற்க வேண்டும் என்பதனையும் அதுவே கணக்கிடும். கேட்ட சொல் தலைப்பிலுள்ளதா, குறிப்பிலுள்ளதா, எத்தனை முறை வருகிறது, தலைப்பு முழுவதும் அச்சொல்லோடு ஒக்கின்றதா என்றெல்லாம் நோக்கி மதிப்பெண் இடுவர். எங்கும் காணப்படும் சொல்லைவிட அரிதாக வரும் சொல்லுக்கு மிகுந்த மதிப்பு உண்டு என்பதை 1972ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்னும் அம்மையார் எடுத்துக்காட்டினார்.

இம்முறையின் நன்மையை முதலிற் காண்போம். 1869ஆம் ஆண்டு முதல் இலண்டனில் வெளிவரும் அறிவியல் வார இதழின் பெயர் நேச்சர் என்னும் ஒற்றைச் சொல். அதனைத் தேடுவோனுக்கு, இயற்கை என்று பொருள்படும் அச்சொல்லைத் தலைப்பில் எங்கேனும் உடைய எண்ணிறந்த நூல்கள் முன்வந்து நின்றால் யாது பயன்? தலைப்பு முழுதொத்ததை முதலில் நிறுத்துதலே முறை. இது கட்டர் கூறிய முதல் நோக்கத்துக்குரிய தொண்டாம்.

பொருள் தேடுவோன் நிலையோ வேறு. உயிர்களின் கூர்ப்பைப் பற்றி அறிய விரும்பி எவல்யூஷன் என்னும் ஆங்கிலச் சொல்லைத் தட்டுகிறான் ஒரு மாணாக்கன். அப்பொருளுக்கு மூலநூலாகிய டார்வின் பெருமானின் 1859ஆம் ஆண்டு நூலின் தலைப்பில் அச்சொல்லே இல்லை. உயிரினங்களின் தோற்றம் என்றே அந்நூல் பெயர் பெற்றது. தலைப்பை மட்டும் ஒப்பிடும் இயந்திரம், அச்சொல்லை இருமுறை தாங்கிய சிறு கைந்நூலை முதலிடத்தில் நிறுத்தி, மூலநூலை மறைத்துவிடும். பொருள்தலைப்பு எழுதிய ஒருவர் இருந்தமையாலன்றோ அது அவன் கண்ணுக்குப் புலனாகின்றது! ஒரு நீண்ட கட்டுரையில் ஆயிரக்கணக்கான சொற்கள் உள. ஒன்று தவறினும் மற்றொன்று கைகொடுக்கும். பட்டியற் பதிவிலோ சிலபல சொற்களே உண்டு. அங்கே ஒரு சொல்லின் இருப்பும் இன்மையுமே நூலின் விதியை முடிவு செய்கின்றன.

ஒப்பீட்டைச் சற்றுத் தளர்த்தி, சொற்களின் ஈற்றை வெட்டிப் பகுதியை மட்டும் ஒப்பிடலாமே எனின், அதிலும் இடருண்டு. 1980ஆம் ஆண்டு மார்ட்டின் போர்ட்டர் வகுத்த புகழ்பெற்ற முறையில், பிரபஞ்சத்தைக் குறிக்கும் யுனிவர்ஸ் என்னும் ஆங்கிலச் சொல்லும் பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் யுனிவர்சிட்டி என்னும் சொல்லும் ஒரே பகுதியாய்ச் சுருங்கிவிடும். தளர்த்தாவிடினோ, நம் தமிழில் மரம் என்று தேடுவோனுக்கு மரத்தின் என்றும் மரங்கள் என்றும் தலைப்பிட்ட நூல்கள் அகப்படா. சாரியையும் வேற்றுமையும் சொல்லுருவை மாற்றும் மொழியில் இவ்விடர் இன்னும் பெரிது.

பொருள்தலைப்பு எழுதுதல் வீண்செலவு, இயந்திரமே போதும் என்பாரும் உளர். 2005ஆம் ஆண்டு டினா கிராஸ், ஆர்லீன் டெய்லர் என்னும் இருவர் ஓர் ஆராய்ச்சி செய்து பார்த்தனர். சொல்லைத் தட்டித் தேடும்போது கிடைத்த பதிவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவை, பொருள்தலைப்புகள் நீக்கப்படின் கிடைக்கவே மாட்டா என்று கண்டனர். இயந்திரம் தானே கண்டதென நாம் எண்ணும் நூல்களிற் பல, கட்டர் வழிவந்த எவரோ ஒருவர் அமைதியாக எழுதிவைத்த சொல்லால் வந்தவை. முன்வரிசையில் நிற்பதே சிறந்ததென நம்புவோன், தன் சொல்லின் எதிரொலியையே கேட்டு மீள்கிறான்.

நாம் கொள்ள வேண்டியது

கட்டர் நாடாண்டவரல்லர், படை நடத்தியவரல்லர். அறியாதவனும் கேட்கத் தெரியாதவனும் வாயிலில் நின்று வறிதே திரும்பலாகாது என்னும் இரக்கமே அவருடைய புலமைக்கு வேராயிருந்தது. சரியான சொல்லைச் சொன்னவனுக்கே கதவு திறக்கும் நூல்நிலையம் முன்னரே கற்றோரின் உடைமையாகும்; தவறிய சொல்லோடு வந்தவனுக்கும் வழிகாட்டும் நூல்நிலையமே எல்லோர்க்கும் பொதுவாகும்.

ஆதலின் மாணாக்கர்களே, நூல் தேடும்போது முதற் சொல்லோடும் முதற் பக்கத்தோடும் நின்றுவிடாதீர்கள். அகப்பட்ட நல்ல நூலொன்றின் பொருள்தலைப்பு யாதென நோக்கி, அதன் வழியே மீண்டும் தேடுங்கள். ஒரு சொல் உதவாவிடில் அதன் இனச்சொல்லை நாடுங்கள். அங்ஙனம் செய்யும் ஒவ்வொரு முறையும், 1876ஆம் ஆண்டிலே உங்களுக்காகக் கட்டர் அமைத்த பாதையிலேயே நடக்கின்றீர்கள்.